டீச்சர் லீவில் போன வகுப்புக்கு நீங்கள் போகும்போது

"எங்க டீச்சர் எப்ப வருவாங்க?" ரிலீஃப் பாடத்துக்கு, அதாவது லீவில் இருக்கும் டீச்சருக்குப் பதிலாகப் போனால், பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். "பேசாம உட்காருங்க" என்று அடக்கிவிடாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். பிரசவ விடுமுறை என்றால் இலங்கையில் அரச ஆசிரியருக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள், அதாவது ஒரு தவணைக்கும் மேல். எங்கள் சின்னத் தோட்டப் பாடசாலைகளில் அந்த இடத்துக்குப் பெரும்பாலும் வேறு ஆள் வருவதில்லை. இருக்கிற ஆசிரியர்கள் மாறி மாறிப் போவார்கள். இல்லையென்றால் உயர்தரம் (A/L) முடித்த தோட்டத்துப் பிள்ளை யாராவது தொண்டர் ஆசிரியராக, அதாவது நியமனம் இல்லாமல் படிப்பிக்க, வருவார். நானும் அப்படி வந்தவள்தான்.

எனக்கு முதலில் கிடைத்தது தரம் 7 கணிதம். "எதுவரைக்கும் படிச்சீங்க?" என்று கேட்டேன். முன் வரிசை "பின்னம் முடிஞ்சிது" என்றது, பின் வரிசை "இல்ல டீச்சர்" என்றது. அன்றிலிருந்து வாயால் கேட்பதை விட்டுவிட்டேன். மூன்று கொப்பிகளை வாங்கிப் பார்ப்பேன்: ஒழுங்காக எழுதும் பிள்ளையுடையது ஒன்று, கடைசி வாங்கில் இருப்பவருடையது ஒன்று, அடிக்கடி வராதவருடையது ஒன்று. பாடம் எங்கே நின்றது, யார் எங்கே விடுபட்டார் என்பது அந்தத் திகதிகளிலேயே தெரிந்துவிடும்.

அப்படிப் பார்த்ததில் ஒரு பையனின் கொப்பியில் செவ்வாய், வியாழன் பாடங்கள் வாரா வாரம் விடுபட்டிருந்தன. வரவுப் பதிவேட்டிலோ அந்த நாட்களிலும் வந்ததாகத்தான் இருந்தது. நேரசூசியை எடுத்துப் பார்த்தேன். அந்த இரண்டு நாளும் கணிதம் முதலாம் பாடவேளை. அம்மா காலையிலேயே பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய்விடுவதால் தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விட்டுவிட்டுத்தான் அவன் வருவான். வந்து சேரும்போது முதல் பாடம் முடிந்திருக்கும். அதிபரிடம் சொன்னேன், கணிதத்தை மூன்றாம் பாடவேளைக்கு மாற்றித் தந்தார். இத்தனை நாளும் எல்லாரும் அவனுக்குக் 'கணக்கு வராது' என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பதிலுக்குப் போகிறவர் புதிய கண்ணோடு பார்ப்பதால் இப்படிச் சில விஷயங்கள் தென்படும். அதை உங்களோடு வைத்துக்கொள்ளாமல் உரியவரிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் பத்து நிமிடம் புதுப் பாடம் வேண்டாம். கடைசியாகச் செய்த கணக்கைப் போல ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, இருவர் இருவராகச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் நடுவில் நடந்து பார்த்தால் போதும். பாடம் உங்களுக்குப் பழக்கமில்லாததா? பரவாயில்லை, பாடநூலில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்க வைத்து, ஆளுக்கொரு கேள்வி எழுதச் சொல்லலாம். சும்மா உட்கார வைக்கும் 40 நிமிடம்தான் வகுப்பைக் கெடுக்கிறது.

மழைக்காலத்துக்கு வேறு யோசனை வேண்டும். தகரக் கூரையில் மழை இறங்கினால் நம் குரல் மூன்றாம் வாங்கைத் தாண்டாது. ஒரே மண்டபத்தில் தடுப்பில்லாமல் நாலு வகுப்பு நடக்கும் இடத்தில் இன்னும் கஷ்டம். கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எழுத்து வேலை, வரைதல் வேலை இரண்டு மூன்றை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள்.

மேசையில் பிரம்பு கிடந்தாலும் தொடாதீர்கள். உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை சொல்கிறது. அதோடு, நேற்று வந்த உங்கள் கையால் வாங்கிய அடியை அந்தப் பிள்ளை மறக்கவே மாட்டாது.

ஒரு 40 பக்கக் கொப்பி வாங்கி நாளுக்கு இரண்டு வரி எழுதுங்கள்: திகதி, பாடநூல் பக்கம், தடுமாறிய பிள்ளைகளின் பெயர். திரும்பி வருகிற டீச்சருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

தொண்டராகப் போகும் தங்கச்சி, தம்பிமாருக்கு இன்னொன்று. முதல் நாளே அதிபரிடம் எழுத்தில் ஒரு கடிதம் கேளுங்கள். எந்தப் பாடம், எந்தத் திகதியிலிருந்து, கொடுப்பனவு உண்டா, உண்டென்றால் யார் தருவது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். தினமும் ஆசிரியர் வரவுப் பதிவேட்டில் கையொப்பமிடுங்கள். மாதக் கடைசியில் அதில் ஒரு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். எத்தனை வருடம் தொண்டு செய்தாலும் நியமனம் தானாக வராது. நியமனத்துக்கான விண்ணப்பம் கோரினால் வர்த்தமானியிலோ (அரச அறிவிப்பிதழ்) பத்திரிகையிலோ வரும். "நிரந்தரமாக்கித் தாறேன், கொஞ்சம் செலவாகும்" என்று யாராவது லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) தேடி வந்தால், அம்மாவின் நகையை அடகு வைக்கும் முன் அதிபரிடமும் வலயக் கல்விப் பணிமனையிலும் போய் விசாரியுங்கள்.