டெலூரியம் காட்டிக்கொடுத்த மோதல்

2023 மார்ச் 7 அன்று ஃபெர்மி விண்கலம் விண்வெளியில் ஒரு காமா கதிர் வெடிப்பை, அதாவது மிகுந்த ஆற்றல் கொண்ட கதிர்களின் திடீர்ப் பீறிடலைப் பதிவு செய்தது. அதுவரை கண்டவற்றில் இரண்டாவது பிரகாசமான வெடிப்பு. சுமார் 200 நொடிகள் நீடித்தது. இரண்டு நொடியைத் தாண்டினாலே, பெரிய விண்மீன் ஒன்று தனக்குள் சரிந்துவிட்டது என்பதுதான் வழக்கமான கணக்கு. ஆனால் அப்புறம் தெரிந்த ஒளி வேகமாக மங்கி, நீலத்திலிருந்து சிவப்புக்கு நகர்ந்தது. நியூட்ரான் விண்மீன்கள் என்பவை இறந்த பெரிய விண்மீன்களின் மிக அடர்த்தியான எச்சங்கள்; அவற்றில் இரண்டு மோதும்போது வரும் கிலோநோவா என்ற ஒளிர்வின் குணம் அது.

விண்மீன்களின் மையத்தில் அணுக்கருக்கள் இணைவது ஏறக்குறைய இரும்போடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டிய தங்கமும் யுரேனியமும் பிறக்க நியூட்ரான்கள் ஏராளமாக வேண்டும். மோதலில் சிதறும் பொருளில் அவை கொட்டிக் கிடக்கின்றன. ஒரு நியூட்ரானை ஏற்ற அணுக்கரு சிதைவதற்குள் அடுத்தது வந்து சேர்ந்துவிடும். பிறகு அந்த நியூட்ரான்களில் பல புரோட்டான்களாக மாற, கனமான தனிமங்கள் உருவாகின்றன.

இதை நேரில் பார்ப்பதில்தான் சிரமம். உருவாகும் தனிமங்களில் லாந்தனைடுகள் என்ற கனமான உலோகங்களும் உண்டு. அவை எண்ணற்ற அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சுவதால், கண்ணுக்குத் தெரியும் ஒளி உள்ளேயே சிக்கிக்கொள்கிறது; வெளியே வருவது பெரும்பாலும் அகச்சிவப்பு. பூமியிலிருந்து பார்த்தால் அதில் பெரும்பகுதியைக் காற்றிலுள்ள நீராவி தடுத்துவிடும். போதாததற்கு வளிமண்டலமும் தொலைநோக்கியும் தங்கள் சூட்டாலேயே அகச்சிவப்பில் ஒளிர்கின்றன. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, டென்னிஸ் ஆடுகளம் அளவுள்ள வெயில்மறைப்புக்குப் பின்னால், மைனஸ் 220 டிகிரிக்கும் கீழான குளிரில் இயங்குவது இதனால்தான்.

வெடிப்புக்கு 29 நாள் கழித்து வெப் எடுத்த நிறமாலையில், அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவில், 2.15 மைக்ரோமீட்டர் அருகே ஒரு மேடு தெரிந்தது. டெலூரியம் என்ற கனமான தனிமத்தின் அயனிகளின் தடம் அது என்று ஆண்ட்ரூ லெவன் தலைமையிலான குழு கணித்தது. அது கூர்மையான கோடாக இல்லாமல் அகன்றிருந்ததும் முக்கியமான தகவல்: ஒளியின் வேகத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு வேகத்தில் பொருள் எல்லாத் திசையிலும் விரிந்தால் கோடு அப்படித்தான் அகலும். தங்கத்தின் தடம் இதில் நேரடியாகத் தெரியவில்லை. ஆனாலும் அணு எண் 52 கொண்ட டெலூரியம் பெருமளவில் அங்கே இருந்தது என்பதே என்னைப் பொறுத்தவரை பெரிய செய்தி. இந்த நியூட்ரான் வழியில் மிகுதியாக விளையும் தனிமங்களில் அதுவும் ஒன்று.

மோதல் நடந்த இடம் இன்னும் விசித்திரம். அந்த ஜோடியின் சொந்த விண்மீன் மண்டலம் எனக் கருதப்படுவது அங்கிருந்து சுமார் 1,20,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அவை நியூட்ரான் விண்மீன்களாக மாறிய சூப்பர்நோவா வெடிப்புகளின் உதையில் இரண்டும் சேர்ந்தே வெளியே எறியப்பட்டிருக்க வேண்டும். அவ்வளவு தூரத்தில் பிறந்த டெலூரியம் புதிய விண்மீன்களிலோ கோள்களிலோ சேர வாய்ப்பு குறைவு.