மைன்ஸ்வீப்பருக்குள் ஓடும் மின்கம்பி

1992-இல் விண்டோஸ் 3.1-உடன் வந்த மைன்ஸ்வீப்பர் என்ற கணினி விளையாட்டில் விதி ஒன்றுதான். திறந்த கட்டத்தில் உள்ள எண், சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை கண்ணிவெடி இருக்கிறது என்று சொல்லும். அவ்வளவுதான்.

பாதி திறந்த பலகை ஒன்றைக் கொடுத்து, "இந்த எண்களுக்கெல்லாம் பொருந்துகிற மாதிரி வெடிகளை வைக்க முடியுமா?" என்று கேட்டால்? யாராவது வைத்துக் காட்டினால், எண்ணிச் சரிபார்ப்பது சுலபம். நாமே கண்டுபிடிப்பதுதான் பாடு. மூடிய கட்டங்கள் 40 என்றால், ஒவ்வொன்றிலும் வெடி உண்டு, இல்லை என்று சுமார் 1,10,000 கோடி வாய்ப்புகள். ஒரு கட்டம் கூடினால் அது இரட்டிப்பாகும். எல்லாவற்றையும் பார்க்காமல் தப்பிக்கக் குறுக்குவழி உண்டா?

பர்மிங்காம் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் ரிச்சர்ட் கேய் 2000-இல் இதற்குச் சொன்ன பதில் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. வெடிகளை வைத்து அவர் ஒரு மின்கம்பியையே செய்துவிட்டார். நோட்டில் வரைந்து பாருங்கள். ஒரு வரிசையில் இரண்டு மூடிய கட்டம், அப்புறம் ஒரு '1', மறுபடி இரண்டு மூடிய கட்டம், ஒரு '1' என்று நீளமாகப் போகட்டும். மேல் வரிசையும் கீழ் வரிசையும் முழுக்க '1'. இப்போது ஒவ்வொரு ஜோடியிலும் ஒரே ஒரு வெடிதான் இருக்க முடியும். முதல் ஜோடியில் அது இடப்பக்கம் என்றால் வலப்பக்கம் காலி. நடுவில் உள்ள '1'-க்கு ஒரு வெடி வேண்டுமே, அது அடுத்த ஜோடியின் இடக் கட்டத்தில்தான் இருந்தாக வேண்டும். இப்படியே கடைசி வரைக்கும் இடம், இடம், இடம். முதலில் வலம் என்றால் எல்லாமே வலம்.

இடம் என்றால் 'உண்மை', வலம் என்றால் 'பொய்' என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தி கம்பியில் ஓடுகிறது! கம்பியை வளைக்க, பிரிக்க, லாஜிக் கேட் (வரும் உண்மை, பொய்களைச் சேர்த்து ஒரு விடை தரும் அமைப்பு) அமைக்க எல்லாவற்றுக்கும் எண் அமைப்புகளை கேய் கண்டுபிடித்தார். ஆக, இப்படிக் கம்பியும் கேட்டும் இணைந்த எந்த சர்க்கியூட்டையும் பலகையில் வரையலாம். ஒரு சர்க்கியூட்டில் 'உண்மை' என்ற விடை வர வழியுண்டா என்பதுதான் 'என்பி-முழுமை' எனப்படும் கடினமான கணக்குகளின் மூலக்கணக்கு. மைன்ஸ்வீப்பர் கேள்விக்கு எப்போதும் வேகமாக விடை தரும் முறை கிடைத்தால், அந்த வகைக் கணக்குகள் அத்தனைக்கும் வேகமான வழி கிடைத்துவிடும். அதற்கு 10 லட்சம் டாலர் பரிசு காத்திருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இது பலகை வளர்ந்துகொண்டே போவதைப் பற்றிய பேச்சு. 99 வெடிகள் உள்ள வழக்கமான 16க்கு 30 பலகையைப் பற்றியது அல்ல. ஆடும்போது நாம் கேட்கிற கேள்வியும் வேறு: "இந்தக் கட்டத்தைத் தொடலாமா?" தொடலாம் என்று உறுதியாகச் சொல்ல, அங்கே வெடி இருக்கிற மாதிரி ஒரு அமைப்புகூட இல்லை என்று காட்ட வேண்டும். இது முதல் கேள்வியைக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்த மாதிரிதான், அதுவும் அதே அளவு கடினம் என்று 2011-இல் நிரூபித்துவிட்டார்கள்.