சுவரில் வரும் கரையான் மண் கோடுகளைத் தட்டிவிடாதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை திருச்சியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, தனியாக இருக்கிறார். "தம்பி, அலமாரி பின்பக்கம் கொஞ்சம் மண்ணா இருக்கு, ஒரு தடவை வந்து மருந்து அடிச்சிட்டுப் போங்க" என்று போனில் சொல்லியிருந்தார். சுவரில் பதித்த மர அலமாரி. கீழ்த்தட்டில் இருந்த துணிப்பையைத் தூக்கினேன். மேல்துணி மட்டும் கையோடு வந்தது. வீட்டுக் கிரயப் பத்திரம், கணவருடைய பணிப்பதிவேட்டின் நகல், மகன் விடுதியில் இருந்தபோது எழுதிய கடிதங்கள் எல்லாம் ஈர மண்ணோடு சேர்ந்து ஒரே கட்டியாகக் கிடந்தன. அம்மா எதுவும் பேசவில்லை. அந்தக் கட்டியை ஒரு தட்டில் வைத்து, விரலால் மெல்ல மெல்லப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுக்கு முன்னாடி கண்ணுல படவே இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"ஏன் படாம? வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறப்ப சுவர்ல கோடு மாதிரி இருக்கும். விளக்குமாத்தால தட்டிட்டு மண்ணெண்ணெய் ஊத்துவேன், போயிடும்."

நான்கு வருடமாகத் தட்டியிருக்கிறார். இந்த மாதத்தில் மட்டும் இதே பதிலை நான் கேட்பது நான்காவது வீட்டில். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மண் கோடு கரையானின் வீடு இல்லை, அது அதன் பாதை. கரையானின் உடம்பு மெல்லியது. வெயிலும் காற்றும் பட்டால் காய்ந்து செத்துவிடும். அதனால் மண்ணையும் எச்சிலையும் குழைத்து, மூடிய குழாய் போல ஒரு பாதை கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே போய்வரும். ராணி, முட்டை, குஞ்சு எல்லாம் மண்ணுக்கடியில் இருக்கின்றன. உங்கள் பேஸ்மட்டத்துக்குக் கீழே இருக்கலாம், தோட்டத்தில் இருக்கலாம், பக்கத்துக் காலி மனையில்கூட இருக்கலாம். ராணி ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும், பல வருடம் உயிரோடு இருக்கும். நீங்கள் விளக்குமாற்றால் தட்டும்போது பாதையில் இருந்த சில நூறு வேலைக்காரக் கரையான்கள் விழுகின்றன, அவ்வளவுதான். புற்றுக்கு அது ஒரு இழப்பே இல்லை.

மண்ணெண்ணெய் ஊற்றினால் என்ன ஆகும்? அந்த நாற்றம் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, அலமாரிக்குப் பின்னாலோ சுவிட்ச் பாக்ஸ் குழாய் வழியாகவோ ஸ்கர்ட்டிங் டைல்ஸ் இடுக்கிலோ வேறு பாதை போடும். முன்பு கண்ணெதிரே சுவரில் இருந்தது, இப்போது கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது. இதைத்தான் "போயிடுச்சு" என்கிறோம். பழைய இன்ஜின் ஆயில், உப்புத் தண்ணீர், கடையில் விற்கும் கரப்பான் ஸ்பிரே எதை அடித்தாலும் கதை இதுதான். மேலே ஒரு கோட் பெயிண்ட் அடித்து மறைப்பவர்களும் இருக்கிறார்கள். அதை என்னிடம் பெருமையாகச் சொல்லாதீர்கள், எனக்கு நிஜமாகவே வயிற்றைப் பிசைகிறது.

கோட்டைப் பார்த்தால் ஒரு இடத்தில் மட்டும், ஒரு அங்குலம் அளவுக்கு, மெல்ல உடைத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகக் கரையான் ஓடினால் நடமாட்டம் இருக்கிறது. காலியாக இருந்தாலும் இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். உடைந்த இடத்தில் புது ஈர மண் வைத்து அடைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். போனில் ஒரு படம் எடுத்து வைத்துவிட்டு மீதியை அப்படியே விடுங்கள். எந்த இடத்தில் ஏறி எங்கே போகிறது என்பதை அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் எங்களால் சொல்ல முடியும். துடைத்து மெழுகிய வீட்டில் கரையானைத் தேடுவது, கால்தடத்தை அழித்துவிட்டுத் திருடனைத் தேடுவது மாதிரி.

இரண்டாவது குழப்பம், எது கரையான் என்பது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "சார், வாசக்கால்ல பெரிய கறுப்பு எறும்பு ஓடுது, அதுதான் மரத்தைத் திங்குற கார்ப்பென்டர் எறும்பா?" என்று கேட்கிறார்கள். வட அமெரிக்காவில் வீடுகளே பெரும்பாலும் மரத்தால் கட்டுகிறார்கள். அங்கே காம்போனோட்டஸ் இனத்து எறும்புகள் ஈரம் ஏறிய மரத்தைக் குடைந்து கூடு கட்டும், அது அவர்களுக்குப் பெரிய தலைவலி. நம் கட்டெறும்பும் அதே இனம்தான். ஆனால் இது பெரும்பாலும் மண்ணில், மரத்தின் வேரடியில் குடியிருக்கும். இனிப்பைத் தேடி வீட்டுக்குள் வரும். இரண்டுமே மரத்தைத் தின்பதில்லை. கட்டெறும்பு உங்கள் நிலைக்கதவுக்குள் போய்வந்துகொண்டே இருந்தால் நீங்கள் கவலைப்பட வேண்டியது எறும்பைப் பற்றி அல்ல. அந்த நிலை ஏற்கனவே கரையானாலோ தண்ணீராலோ கூடாகிவிட்டதா என்று பாருங்கள். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். டொக் டொக் என்ற சத்தம் ஒரு இடத்தில் பொத்தென்று மாறினால் உள்ளே ஒன்றும் இல்லை.

மரத்துக்கடியில் மாவு மாதிரித் தூள் கொட்டி, மரத்தில் குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள் இருந்தால் அது உளு, மரத்தைத் துளைக்கும் சின்ன வண்டு. கசகசா மாதிரி சின்னச் சின்ன மணிகள் குவிந்திருந்தால் காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழும் கரையான். அதற்கு மண்ணும் தேவையில்லை, மண் கோடும் வராது. மண்ணிலிருந்து வரும் கரையான், உளு, காய்ந்த மரக் கரையான், இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தை அடித்துவிட்டுப் போகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அப்புறம் ஈசல். மழை விட்ட சாயங்காலம் விளக்கைச் சுற்றி வருவது கரையானின் இறக்கை முளைத்த வடிவம்தான். கிராமத்தில் பிடித்து வறுத்துத் தின்று வளர்ந்தவர்களுக்கே இது மறந்துபோகிறது. வெளியிலிருந்து ஜன்னல் வழியாக வந்தால் பெரிய விஷயமில்லை. வீட்டுக்குள் சுவர் விரிசலிலிருந்தோ நிலைக்கடியிலிருந்தோ புறப்பட்டு வந்தால், உள்ளே முதிர்ந்த புற்று இருக்கிறது என்று பொருள். பறக்கும் எறும்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், முன் இறக்கை பின் இறக்கையைவிட நீளம். ஈசலுக்கு இடுப்பே தெரியாது, நான்கு இறக்கையும் ஒரே நீளம். காலையில் ஜன்னலோரம் கூட்டிப் பெருக்கும்போது கிடைப்பது அந்த இறக்கைகள்தான்.

"தேக்குங்க, வராது" என்பார்கள். தேக்கின் வைரம் பாய்ந்த பகுதிதான் தாங்கும். அதையொட்டிய வெள்ளைப் பகுதியைக் கரையான் தாராளமாகத் தின்னும். இப்போது சந்தையில் வரும் இளம் தேக்கில் பாதி வெள்ளை. "வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட்" என்பது தண்ணீரில் ஒட்டு விடாது என்பதற்கான உறுதி, கரையானுக்கு அதனோடு சம்பந்தம் கிடையாது. "மூணாவது மாடிக்கு எப்படி வரும்?" என்றால், குழாய்கள் மேலே ஏறும் பைப் டக்ட் வழியாக வரும். இரும்புப் பெட்டியும் காப்பாற்றாது. 2023இல் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில் ஒரு தாய் மகள் திருமணத்துக்காக வங்கி லாக்கரில் வைத்திருந்த 18 லட்சம் ரூபாயைக் கரையான் அரித்துவிட்டது.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கரையானுக்குச் செய்யும் செலவில் உருப்படியான செலவு, தரை போடுவதற்கு முன்னால் செய்வதுதான். ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர விதி இதற்கென்றே இருக்கிறது. பேஸ்மட்டத்தில் மண் நிரப்பிக் கெட்டித்த பிறகு, ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர் மருந்துக் கரைசல் மண்ணில் இறங்க வேண்டும். அஸ்திவாரச் சுவரை ஒட்டிய மண்ணுக்கு, சுவர்ப் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர். மழையில் ஊறிய மண்ணில் ஊற்றினால் இறங்காது. ஊற்றிய பிறகு அந்த மண்ணைத் தோண்டிக் கிளறினால் மறுபடி ஊற்ற வேண்டும். இதையெல்லாம்விட முக்கியம், மண்ணுக்குள் மரத்தைப் புதைக்காதீர்கள்! சென்ட்ரிங் பலகைத் துண்டு, சவுக்குக் கம்பு, சிமெண்ட் மூட்டைக் காகிதம், வெட்டிய மரத்தின் வேர்க்கட்டை எல்லாவற்றையும் உள்ளே தள்ளி மண் மூடிவிட்டு, அதன்மேல் லட்சக்கணக்கில் செலவழித்து வீடு கட்டுகிறோம். மேஸ்திரி செய்யமாட்டார், நீங்கள்தான் நின்று பொறுக்க வேண்டும்.

கட்டி முடித்த வீடென்றால், தரையும் சுவரும் சேரும் மூலையில் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு, கீழே உள்ள மண் வரை மருந்து இறக்க வேண்டும். ஒரு துளை 1 லிட்டர் வரை குடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 மீட்டர் சுவரோரம் இருந்தால் 200 துளை, கிட்டத்தட்ட 200 லிட்டர். ஒரு வாளிக் கரைசலோடு வந்து அரை மணி நேரத்தில் முழு வீட்டையும் முடித்துவிட்டு ஐந்து வருட கேரண்டி அட்டை கொடுப்பவர் என்ன செய்தார் என்று உங்களுக்கே புரியும். என்ன மருந்து, எத்தனை சதவீதம், எத்தனை துளை என்று எழுதி வாங்குங்கள். மருந்து டப்பாவை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். கேட்டால் கோபப்படுகிற ஆள் வேண்டாம். கிணறு, போர், தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், அது உங்கள் குடிநீர். வீட்டில் மீன் தொட்டி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அன்றாடம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சுவரில் ஈரம் கசிந்தால் உடனே சரிசெய்யுங்கள், ஈரமில்லாமல் மண்ணிலிருந்து வரும் கரையான் நிலைக்காது. ஏசி தண்ணீர்க் குழாய் சுவரடியில் சொட்டக் கூடாது. விறகையும் பழைய பலகையையும் வெளிச்சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். அட்டைப் பெட்டிகளைத் தரையில் அடுக்காதீர்கள். மர அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். பரணில் கட்டி வைத்த பழைய புத்தகங்களை ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது இறக்கிப் பாருங்கள். தெருமுனைக் கோயில் புற்றை இடிக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்று சொன்ன நம் ஊரில், புற்று யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். அது அங்கேயே இருக்கட்டும், உங்கள் வீட்டுப் பேஸ்மட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். பத்திரம், சான்றிதழ், பழைய புகைப்படம், கடிதம் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். அசலை இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, சுவரையும் தரையையும் தொடாத இடத்தில் வையுங்கள்.

அந்த அம்மாவின் பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம், எண்ணையும் வருடத்தையும் குறித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மகனின் கடிதங்களில் மூன்றில் மட்டும் சில வரிகள் படிக்கிற மாதிரி இருந்தன. அவற்றை ஒரு நோட்டுக்குள் காய வைத்திருக்கிறார். சனிக்கிழமை துளை போடப் போகிறோம். அதற்குள் அலமாரியைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறேன். சுவரில் மிச்சமிருக்கும் கோட்டைத் தொட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.