மடக்குக் கத்தி ஆடுகிறதா? சாணைக்கு முன் பூட்டைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புறப் பட்டணங்களில் மடக்குக் கத்தி இல்லாத மோட்டார் கூடையைப் பார்ப்பது அரிது. உரச்சாக்கு பிரிக்க, கயிறு அறுக்க, டுரியான் காம்பு நறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். பழுது என்று கொண்டு வருபவர்கள் "கூர் போச்சு, தீட்டிக் கொடுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மொட்டைக் கத்தியால் வேலை கெடும், அவ்வளவுதான். விரித்த அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டு நிற்காத கத்தியைத் தீட்டிக் கொடுத்தால் விரல் போகும்.

கத்தியை முழுதாக விரித்து, அலகின் முதுகுப் பக்கமாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். இடவலமாக ஆடினால், அலகு சுழலும் அச்சுத் திருகு தளர்ந்திருக்கிறது. மேலும் கீழுமாக ஆடினால் குறை பூட்டில். இந்த இரண்டாவது ஆட்டத்துக்குத் திருகை இறுக்கிப் பயனில்லை. கத்தி திறக்க முரண்டு பிடிக்கும், ஆட்டம் அப்படியே இருக்கும்.

திருகு வேலை எளிது, ஆனால் திருப்புளியின் முனை சரியாக இருக்க வேண்டும். பெரும்பாலும் டி6 அல்லது டி8 அளவு நட்சத்திர முனை. சற்றுச் சிறியதைப் போட்டுத் திருப்பினால் திருகின் வாய் மழுங்கிவிடும். அதன் பிறகுதான் உண்மையான தலைவலி. ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். மறுபடி மறுபடி தளர்ந்தால், திருகைக் கழற்றி ஸ்பிரிட்டால் துடைத்து, மரையில் மட்டும் நீல நிறத் திருகுப் பசை ஒரு சிறு துளி வைத்து மாட்டி, ஒரு நாள் காயவிடுங்கள். பசை வாஷர் பக்கம் வழிந்தால் அலகு இறுகிவிடும். சிவப்புப் பசை வேண்டாம். அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும்.

கையை உதறினாலே அலகு விழுந்து விரியும்படி திருகைத் தளர்த்திக் கேட்பவர்களும் உண்டு. அப்படிச் செய்து தருவது சரியல்ல. பொத்தானை அழுத்தினால் தானே விரியும் கத்தியையும், எடையாலோ உதறலாலோ விரியும் கத்தியையும் விற்பது மலேசியாவின் 1958ஆம் ஆண்டு அரிக்கும் பொருள், வெடிபொருள், தாக்கும் ஆயுதச் சட்டப்படி குற்றம். சாதாரணக் கத்தியானாலும் நியாயமான காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதமாக வைத்திருந்தால் வழக்கு வரும். தோட்ட வேலைக்கான கத்தி வேலைப் பையில் இருக்கட்டும். பசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) எதற்கு?

இனி பூட்டு. முதுகில் அழுத்தி மடக்கும் வகையில், அலகின் அடியில் ஒரு சிறு வெட்டு இருக்கும். பூட்டின் பல் அதற்குள் முழுதாக உட்கார வேண்டும். ஒட்டுப்பாலும் சட்டைப்பைப் பஞ்சும் அங்கே சேர்ந்து கெட்டியானால் பல் பாதியில் நிற்கும். பார்க்கப் பூட்டியது போலவே இருக்கும், அழுத்தினால் விரல் மேல் மடங்கும். காய்ந்த ரப்பர் பால் தண்ணீரில் கரையாது. மூங்கில் பல்குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெய் நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள்.

பிடிக்குள் பக்கத் தகடு நகர்ந்து அலகைத் தாங்கும் வகை வேறு. தகடும் அலகும் உரசும் முகத்தில் எண்ணெய் படக்கூடாது, வழுக்கும். கத்தியை விரித்தால் தகடு அலகின் அடிப்பாகத்தில் ஏறக்குறைய பாதிவரை நகர வேண்டும். எதிர்ப்பக்கத் தகட்டைத் தொடும் அளவுக்குப் போனால் தேய்ந்துவிட்டது. மரமேசை விளிம்பில் அலகின் முதுகை மெதுவாக அழுத்திச் சோதியுங்கள். விரல்கள் அலகு மடங்கும் வழியில் இருக்கக் கூடாது. ஓங்கித் தட்டவும் வேண்டாம். வழுக்கி மடங்கினால் அந்தக் கத்தியோடு வேலை முடிந்தது. தகட்டை வளைத்துச் சரிசெய்யும் கைவைத்தியத்தை நம்ப முடியாது.

ஒப்பினெல் போன்ற மரப்பிடிக் கத்தி மழைக்காலத்தில் திறக்காமல் இறுகுவது பழுதல்ல. பிடி ஈரம் குடித்து உப்பியிருக்கிறது. நிழலில் சில நாள் உலர்த்தினால் விட்டுவிடும். உடனே தேய்த்து மெலிக்கப் போனால், காய்ந்தபின் லொடலொடவென்று ஆடும்.

எண்ணெயில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகித் தூசியைப் பிடித்துவைக்கும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டவும் அழுக்கைக் கழுவவும் நல்லது, ஆனால் நீண்ட நாள் நிற்காது. அது போட்டுத் துடைத்தபின் தையல் இயந்திர எண்ணெய் ஒரே ஒரு துளி, அச்சில். கத்தியைத் தோல் உறையில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைத் தேக்கித் துருப்பிடிக்க வைக்கும்.

கடைசியாகக் கூர். பட்டறைச் சாணைச் சக்கரத்தில் பிடித்தால் சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் பதம் போயிற்று, எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. 1000 எண் தண்ணீர்க்கல் போதும். பக்கத்துக்கு 20 பாகைச் சரிவு; விளிம்பில் மார்க்கர் பேனாவால் கறுப்படித்துவிட்டு இரண்டு இழுப்பு இழுத்தால் கல் எங்கே படுகிறது என்று தெரியும். தீட்டிய ஒரு வாரத்தில் ஒரே இடத்தில் மட்டும் விளிம்பு மழுங்கினால் கல்லைக் குறை சொல்லாதீர்கள். மடக்கும்போது விளிம்பு பிடியின் உள்ளே இருக்கும் வில்லில் (ஸ்பிரிங்கில்) இடிக்கிறது. பலமுறை தீட்டி அடிமுனை, அதாவது அலகின் அடியில் கூரில்லாமல் நீட்டி நிற்கும் சிறு முனை, தேய்ந்த கத்திகளில் இது சகஜம். உள்பள்ளத்தில், அடிமுனை வந்து உட்காரும் இடத்தில், மெல்லிய தோல் துண்டு ஒன்றை ஒட்டினால் இடிப்பது நிற்கும்.