அரித்மியா: ‘சீரற்ற துடிப்பு’ என்ற சொல் ஏன் பொருந்தாது

‘இந்த மூலிகைச் சத்து சீரற்ற இதயத் துடிப்பைச் சீராக்கும்.’ உடல்நலப் பக்கங்களில் இந்த வாக்கியம் சலிப்பில்லாமல் அச்சேறிக்கொண்டிருக்கிறது. மூலிகையின் பெயர் மட்டும் மாறும். ‘சத்து’, ‘சீரற்ற’, ‘சீராக்கும்’ என்ற மூன்றும் அப்படியே நிற்கும். மூன்றுமே தவறு என்பதுதான் என் வழக்கு.

முதலில் ‘சீரற்ற’. அது அரித்மியா என்ற மருத்துவச் சொல்லுக்கு வைத்த தமிழ். அந்தச் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். கிரேக்கத்தில் ‘ரித்மோஸ்’ என்றால் அளவோடு கூடிய ஓட்டம், அசைவு. முன்னால் உள்ள ‘அ’ இன்மையைக் குறிக்கிறது. இரண்டும் சேர்ந்தது அரித்மியா. இந்த வேர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்க்கப் போனதில்தான் வம்பு தொடங்கியது. கிரேக்கச் சொல்லே நோயைச் சரியாகச் சொல்லவில்லை என்று கருதிய சில மருத்துவர்கள் ‘பிசகிய ஒழுங்கு’ என்ற பொருளில் ‘டிஸ்ரித்மியா’ என்று மாற்றிப் பார்த்ததும் உண்டு. அதனால் அரித்மியாவை அகற்ற முடியவில்லை.

இதயத்தின் மின்தூண்டல் பிறக்கும் இடம், அது பரவும் வழி, அதன் வேகம், அதன் ஒழுங்கு ஆகியவற்றில் எது பிசகினாலும் மருத்துவர் அதை அரித்மியா என்றே சொல்வார். இப்போது ‘சீரற்ற துடிப்பு’ என்ற ஆக்கத்தை இதன்மேல் வைத்துப் பாருங்கள். கீழறைகளுக்கு மேலே தோன்றும் மிகைவேகத் துடிப்பில் இதயம் நிமிடத்துக்கு 150 முதல் 250 முறை அடிக்கும். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் நடுவே இடைவெளி பெரும்பாலும் நூல் பிடித்தாற்போல ஒன்றாக இருக்கும். மேலறையின் மின்தூண்டல் கீழறைகளை எட்டவே எட்டாத முழு இதய அடைப்பில் (இது மாரடைப்பு அல்ல) கீழறைகள் நிமிடத்துக்கு 30, 40 என்று மெதுவாக, ஆனால் சீராகவே துடிக்கலாம். இரண்டும் ஆளைக் கீழே தள்ளக்கூடிய அரித்மியாக்கள். இரண்டிலும் சீர் கெடவில்லை. மாறாக, மூச்சை இழுக்கும்போது விரைந்தும் விடும்போது தளர்ந்தும் ஓடும் இளையோரின் துடிப்பு உண்மையிலேயே சீரற்றது, ஆனால் அது நோயே அல்ல. ஆக, இந்தச் சொல் நோயாளியை வெளியே நிறுத்திவிட்டு நலமாக இருப்பவனை மருத்துவமனைக்கு அனுப்புகிறது. மேலறைகள் நடுநடுங்கி நாடி தாறுமாறாக ஓடும் ஒரு வகைக்கு அது கச்சிதமாகப் பொருந்தும் என்பதை மறுக்கவில்லை. ஒரு வகையின் பெயரை இனம் முழுவதற்கும் ஒட்டியதுதான் பிழை.

அரித்மியாவைப் ‘படபடப்பு’ என்று எழுதுவோருக்கு ஒரே வரி: படபடப்பு நாம் உணர்வது, அரித்மியா இதய மின்வரைபடத்தில் (ஈசிஜி) தெரிவது. ஒன்று இல்லாமலே மற்றது இருக்கும்.

‘இலயமின்மை’ என்று புலமையோடு ஆக்கியவர்களிடம்தான் எனக்குக் கோபம் அதிகம். சீரற்ற துடிப்பு என்று எழுதியவர் அவசரத்தில் எழுதினார் என்று விட்டுவிடலாம். இவர்கள் யோசித்துத் தவறு செய்திருக்கிறார்கள். கிரேக்க ‘அ’வுக்கு ஓர் ‘இன்மை’, ரித்மோஸுக்கு ஓர் ‘இலயம்’ என்று எடைக்கு எடை வைத்ததாக நினைப்பு. இசையில் லயம் என்பது விளம்பம், மத்திமம், துரிதம் என்று ஓடும் காலகதி. வேகம் ஏறினாலும் இறங்கினாலும் லயம் இருந்தபடியேதான் இருக்கும். லயமே இல்லாத இதயம் என்றால் அது நின்றுபோன இதயம், அதற்கு வேறு பெயர் இருக்கிறது. மேலும், ‘லயம்’ வடசொல், அதன் தலையில் ஓர் இகரத்தைக் கவிழ்த்துவிட்டால் மட்டும் அது தூய தமிழாகிவிடாது. தூய்மையும் வரவில்லை, தெளிவும் போயிற்று.

எல்லோருக்கும் தெரிந்த ‘இதயத் துடிப்புக் கோளாறு’ போதும். விரைவு, மந்தம், ஒழுங்கின்மை, தூண்டல் தடை ஆகிய நான்கையும் ‘கோளாறு’ தாங்கும். எளிய சொல் என்பதற்காகக் கலைச்சொல் பட்டியல்கள் இதை இரண்டாம் பந்தியில் உட்காரவைப்பது நியாயமில்லை.

இனி ‘சீராக்கும்’. துடிப்புக் கோளாற்றுக்கான மருந்துகளில் பல தாவரத்திலிருந்து வந்தவைதான். ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங் 1785இல் டிஜிட்டாலிஸ் செடியைப் பற்றி நூல் எழுதினார். அந்த இனத்துச் செடியிலிருந்து 1930இல் பிரித்தெடுத்த டிகாக்சின் இன்றும் மேலறை நடுக்கத்தில் பயன்படுகிறது. ஆனால் அது நடுக்கத்தை நிறுத்துவதில்லை. மேலிருந்து கீழறைக்குப் போகும் தூண்டல்களை மட்டுப்படுத்தி வேகத்தைத் தணிக்கிறது, அவ்வளவே. நாடி சீரற்றே ஓடும். அளவு சற்று மிஞ்சினால் அதே டிகாக்சின் புதிய கோளாறுகளைக் கிளப்பும். சிங்கோனா மரப்பட்டையிலிருந்து வரும் மலேரியா மருந்தான கொயினா மேலறை நடுக்கத்தை நிறுத்தக்கூடும் என்று டச்சு மருத்துவர் வென்கெபாக் 1914இல் எழுதினார். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு நோயாளி. 1918இல் மருத்துவர் வால்டர் ஃபிரே அதே பட்டையின் குயினிடினை முன்னுக்குக் கொண்டுவந்தார். அதுவோ சிலருக்கு உயிர் குடிக்கும் கீழறைத் துடிப்பைத் தூண்டியது.

சர்ப்பகந்தி வேரின் கதை இன்னும் சுவையானது. வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி 1931இல் அதிலிருந்து பிரித்த ஒரு காரப்போலிக்கு (ஆல்கலாய்டு) யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். துடிப்புக் கோளாற்று மருந்து வரிசையில் அதற்கு இடமுண்டு. ஆனால் இன்று அதன் முக்கிய வேலை, திடீர் மரணம் விளைவிக்கக்கூடிய இதய மின்கோளாறான புருகாடா நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க மின்வரைபடத்தில் கோளாற்றை வெளியே கொண்டுவருவது! இதைப் போய் ‘துடிப்புச் சீராக்கி’ என்றால் சிரிப்பதா அழுவதா? ‘துடிப்புக் கோளாற்று மருந்து’ என்று எழுதினால் எதற்குக் கொடுக்கிறோம் என்பது தெரியும், அது நடந்தே தீரும் என்ற வாக்குறுதி அதில் இராது.

கடைசியாகச் ‘சத்து’. தாவரத்தின் வேதிப்பொருளுக்கு இந்தச் சொல்லை ஆக்கியவர் ஊட்டச்சத்துத் துறையிலிருந்து வழிதவறி வந்தவராக இருக்க வேண்டும். சத்து என்றால் கூடக்கூட நல்லது என்றே தமிழ்க் காதில் விழும். நாபிக் கிழங்கின் நஞ்சான அக்கோனிட்டின் இதய உயிரணுக்களில் சோடியம் நுழையும் வழிகளை மூடவிடாமல் திறந்தே வைத்து, கீழறைகளைக் கட்டுக்கடங்காமல் துடிக்கச் செய்யும். மஞ்சள் அரளி விதையின் கிளைக்கோசைடுகள் என்ற நச்சுச் சேர்மங்கள் டிகாக்சினின் உறவுக்காரர்கள், உண்டவரின் இதயத் தூண்டலைத் தடுத்து உயிரை எடுப்பவை. இவையும் இயற்கைச் சத்துகளா? ‘தாவரச் சேர்மம்’ என்று எழுதுங்கள். சேர்மம் நல்லதா கெட்டதா என்று அந்தச் சொல் தீர்ப்புச் சொல்வதில்லை, அளவும் ஆளும்தான் தீர்மானிக்கும்.

மொழிபெயர்ப்பாளர்கள் ‘செய்யலாம்’ என்பதைச் ‘செய்யும்’ ஆக்குவதும், எச்சரிக்கை வரியை இடமில்லை என்று வெட்டுவதும் தனிக்கதை. அதிமதுரத்தை நெடுநாள் மிகுதியாக உண்டால் இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். அப்படிக் குறைந்தவர் டிகாக்சினும் எடுத்துக்கொண்டால் நஞ்சேறும் அபாயம் கூடும். அதிமதுரத்தின் பெருமையைப் பாடும் குறிப்புகளில் முதலில் வெட்டுப்படுவது இந்த வரிதான்.