மைக் பிடிப்பது குரலையா, ஃபேனையா?

வீட்டில் பாட்டோ பேச்சோ பதிவு செய்ய ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்கியவர்கள் அடுத்துக் கேட்பது, "குறைந்த விலையில் எந்த மைக்?" என்பதுதான். உடனே பதில் வரும்: "கன்டென்சர் வேண்டாம், ஃபேன் சத்தத்தை எல்லாம் இழுத்துவிடும். டைனமிக் வாங்குங்கள்." கன்டென்சர், டைனமிக் என்பவை மைக்கின் இரு வகைகள். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை.

டைனமிக் மைக்கில் ஒரு மெல்லிய சவ்வு, அதோடு ஒட்டிய கம்பிச்சுருள், பக்கத்தில் காந்தம். குரல் பட்டுச் சவ்வு அதிர்ந்தால் சுருளும் காந்தப்புலத்துக்குள் அசையும். அந்த அசைவே மின்னழுத்தம் ஆகிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. கன்டென்சரில் சுருள் கிடையாது. மின்னூட்டம் ஏற்றிய இரண்டு தகடுகள், அவற்றில் ஒன்று சில மைக்ரான் தடிமனே உள்ள சவ்வு. இடைவெளி மாறினால் மின்னழுத்தம் மாறும். சுருளைச் சுமக்காத லேசான சவ்வு என்பதால் ஜால்ராவின் கிணுகிணுப்பைக்கூட நுணுக்கமாக எடுக்கும். உள்ளே இருக்கும் மின்சுற்றுக்குத்தான் இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தான்.

1 பாஸ்கல் அழுத்தமுள்ள ஒலிக்கு, அதாவது 94 டெசிபெலுக்கு, ஷூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக் தருவது 1.85 மில்லிவோல்ட். ஆடியோ-டெக்னிகா ஏடி2020 என்ற கன்டென்சர் தருவது 14.1. ஏழு மடங்குக்கு மேல்! ஆனால் அந்த ஏழு மடங்கு குரலுக்கும் உண்டு, ஃபேனுக்கும் உண்டு. டைனமிக்குக்கு இன்டர்ஃபேஸில் கெயினை (மைக்கின் மின்னழுத்தத்தைப் பெருக்கும் திருகு) திருகி ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும். குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் அப்படியேதான் இருக்கும்.

அந்த விகிதத்தை மாற்றுவது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும். 60 சென்டிமீட்டரிலிருந்து 15க்கு வந்தால் 12 டெசிபெல். ஃபேன் சத்தமோ அறை முழுக்கப் பரவிக் கிடப்பது. மைக்கை நகர்த்தினாலும் பெரிதாக மாறாது. டைனமிக் மைக்கை நாம் வாயருகே வைத்துப் பாடுகிறோம், கன்டென்சரை எட்ட வைக்கிறோம். டைனமிக்குக்கு நல்ல பேர் வந்தது பெரும்பாலும் இதனால்தான்.

சரி, எதை வாங்கலாம்? ஃபேன் ஓடும் அறையில், நெருங்கி நின்று குரல் மட்டும் பதிவு செய்பவருக்கு என் தேர்வு டைனமிக். வீணையோ கிட்டாரோ என்றால் கன்டென்சர். அங்கே ஓரடி தள்ளித்தான் வைத்தாக வேண்டும், டைனமிக்கின் சொற்ப மின்னழுத்தத்துக்காகக் கெயினை முழுக்கத் திருகினால் இன்டர்ஃபேஸின் 'உஸ்ஸ்' கேட்க ஆரம்பித்துவிடும். யூஎஸ்பி மைக் வேண்டாம், இன்டர்ஃபேஸ் செய்யும் வேலையையே அதுவும் செய்கிறது.

வாங்கிய பிறகு முன்பக்கம் எது என்று பாருங்கள். எஸ்எம்58இல் வலைத்தலையின் உச்சி; ஏடி2020இல் தலையின் பக்கவாட்டு. ஏடி2020இன் உச்சியைப் பார்த்துப் பாடிவிட்டு மைக் மந்தமாக இருக்கிறது என்று வருந்துபவர்கள் நிறைய. இரண்டுமே கார்டியாய்டு வகை, பின்னாலிருந்து வரும் ஒலியைக் குறைவாகவே எடுக்கும். அதனால் எஸ்எம்58ஐ ஸ்டாண்டில் மேலிருந்து தொங்கவிட்டு, தலையை உங்கள் வாயை நோக்கிக் கீழே சாயுங்கள். கேபிள் சொருகிய வால்பக்கம் இப்போது சீலிங் ஃபேனைப் பார்த்து இருக்கும்.