இன்னொரு டியூஷனுக்கு முன், பிள்ளையின் கொப்பியைத் திறந்து பாருங்கள்

தரம் 10 இன் முதல் தவணைப் பெறுபேறு கைக்கு வந்ததும், கொழும்பில் கொட்டாஞ்சேனையாகட்டும் வெள்ளவத்தையாகட்டும், பெற்றோர் முதலில் செய்வது இன்னொரு டியூஷன் தேடுவதுதான். பிள்ளை ஏற்கெனவே கணக்குக்கு ஒரு கிளாஸ் போகும். பாடசாலை 1.30க்கு விட்டால், சாப்பிட்டும் சாப்பிடாமலும் பஸ் ஏறி, மண்டபம் நிறைந்த பிள்ளைகளுக்கு நடுவே போய் உட்காரும். அந்தக் கிளாஸ்களைக் குறை சொல்ல மாட்டேன். பாடத்தோடு சேர்ந்து வரும் பிள்ளைக்கு அவை உண்மையிலேயே உதவுகின்றன. ஆனால் தரம் 7 இல் எங்கோ பிடி விட்டுப்போன பிள்ளை அங்கே செய்வது பலகையைப் பார்த்து எழுதுவது மட்டுமே.

அப்படியான பிள்ளைகளின் கொப்பி பெரும்பாலும் மிக அழகாக இருக்கும். தலைப்புக்குச் சிவப்புக்கோடு, விடைக்குக் கீழே இரட்டைக்கோடு, இருபடிச் சமன்பாடு படிபடியாகச் சரியாக இருக்கும். கொப்பியை மூடிவிட்டு, ஒரு துண்டுத்தாளில் −3 − 5 என்று எழுதிக் கொடுப்பேன். தயங்காமல் 8 என்று வரும். ஏன் என்று கேட்டால், "மைனஸும் மைனஸும் பிளஸ்தானே டீச்சர்" என்பார்கள். பெருக்கலுக்குரிய விதியைக் கூட்டலுக்குப் போட்டிருக்கிறார்கள். இந்த ஒரு பிழை அடைப்பு நீக்குவதிலும் வரும், சமன்பாட்டிலும் வரும், வரைபின் படித்திறனிலும், அதாவது கோட்டின் சரிவிலும், வரும். முறை முழுவதும் தெரிந்தும் விடை பிழைத்துக்கொண்டே போனால், பிள்ளை தனக்குக் கணக்கு ஏறாது என்று முடிவுகட்டிவிடும். உண்மையில் அதற்கு ஏறாமல் போனது திசைகொண்ட எண்கள், அதாவது பிளஸ், மைனஸ் குறியுள்ள எண்கள், என்ற ஒரு பாடம்.

இதில் பிள்ளையைக் குற்றம் சொல்ல நியாயமே இல்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022 இல் எரிபொருள் இல்லாமல் கொழும்பில் மறுபடியும் மூடப்பட்டன. அன்று ஆரம்பப் பிரிவில், வீட்டில் இருந்த ஒரேயொரு போனை அண்ணனோடும் தங்கச்சியோடும் பங்குபோட்டுப் படித்த பிள்ளைகள்தான் இன்று ஓ.எல். (சாதாரண தர) வகுப்புகளில் இருக்கிறார்கள். பின்னம் பழக வேண்டிய வயது அது.

ஆகவே உதவி வகுப்பு, அதாவது பரிகாரக் கற்பித்தல், பாடத்திட்டத்தைத் துரத்தக்கூடாது. பின்னோக்கிப் போக வேண்டும். முதல் நாளில் தரம் 6, 7, 8 பாடங்களிலிருந்து சிறிய வினாக்கள் கொடுத்து, எந்த இடத்தில் உடைகிறது என்று பார்க்க வேண்டும். புள்ளி போட்டு வாசிக்கவே கூடாது. பத்துப் பேருக்கு மேல் இருந்தால் ஒவ்வொருவர் தாளையும் பார்க்க முடியாது. −3 − 5 ஐ எண்கோட்டில் பூச்சியத்துக்கு இடப்பக்கம் மூன்றாம் அடியில் நின்று இன்னும் ஐந்து அடி இடப்பக்கம் நடக்கவைத்தால், விதி மனப்பாடம் செய்யாமலே −8 வந்துவிடும்.

வாசிப்பையும் கவனிக்க வேண்டும். கொழும்புப் பிள்ளைகள் வீட்டில் தமிழ், தெருவில் சிங்களம், சிலர் பாடத்தில் ஆங்கிலம் என்று வளர்கிறார்கள். "குறித்த விலையில் 10% கழிவு" என்ற வசனம் புரியாமலே கணக்கைத் தொடங்கிவிடுவார்கள். வினாவை உரத்து வாசித்து, என்ன கேட்கிறார்கள் என்று சொந்த வார்த்தையில் சொல்லவிட்டால், பாதிப் பேருக்கு அதன்பின் என் உதவி தேவைப்படுவதில்லை.

பரீட்சைக் கணக்கையும் பெற்றோர் அறிய வேண்டும். உயர்தரம் செல்ல முதன்மொழி, கணிதம் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றில் மூன்றில் சீ எனப்படும் திறமைச் சித்தியும் வேண்டும். கணிதத்தில் எஸ், அதாவது சாதாரண சித்தி, எடுக்க 35 புள்ளி, அதாவது இரண்டு வினாத்தாள்களின் 200 இல் 70. முதல் வினாத்தாளின் முற்பகுதியில் மட்டும் 25 சிறுவினாக்களுக்கு 50 புள்ளி இருக்கிறது. அவற்றில் கணிசமானவை அடிப்படைகளைக் கொண்டே செய்யக்கூடியவை. பின்னமும் சதவீதமும் எளிய சமன்பாடும் உறுதியான பிள்ளைக்கு இந்த எழுபது எட்டாத உயரமல்ல.

கிளாஸ் தேடும்போது, "எத்தனை பேப்பர் செய்விப்பீர்கள்?" என்று கேட்காமல், "என் பிள்ளை எங்கே பிழைவிடுகிறது என்று ஒரு மாதத்தில் சொல்வீர்களா?" என்று கேளுங்கள். பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கும் பிள்ளையை முதலில் தேசிய கண் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். கண்ணாடி போட்ட பிறகு முன்னேறிய பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

தரம் 9 முடிந்து வரும் விடுமுறைதான் இதற்கு மிகவும் தோதான காலம். தரம் 11 க்கு வந்துவிட்டாலும் மனம் விட வேண்டாம். வாரத்தில் ஒரு பேப்பர் கிளாஸை நிறுத்தி, அந்த இரண்டு மணித்தியாலத்தைப் பின்னத்துக்கும் திசைகொண்ட எண்களுக்கும் கொடுங்கள்.